மதராஸில் ஒரு நோயின் சரித்திரம் – 11: மருந்தும் மூப்பும்

1986-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் யோசனைப்படி அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள், பனிக்கட்டிப் பெட்டியொன்றில் இரவு ரயிலேறி வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்ததையும், அவற்றுள் சில, எலிசா பரிசோதனையில் எவரும் எதிர்பாராத நிறத்தைக் காட்டியதையும், அதன் விளைவாகத் தமிழகச் சட்டசபையில் சுகாதார மந்திரியே எழுந்து, எய்ட்ஸ் நோய்க்கிருமி நம் நாட்டிற்குள் வந்துவிட்டதென்று அறிவிக்க நேர்ந்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். அந்த அறிவிப்பைக் கேட்ட தலைமுறையினரிடம், இக்கிருமியை உடம்பில் சுமப்பவர்கள் ஒரு காலத்தில் பேரன் பேத்தி எடுத்து, மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வார்கள் என்று யாரேனும் சொல்லியிருந்தால், அவரைப் பரிகாசம் செய்திருப்பார்கள். பத்திரிகைகள் நோய்க்கு ஆட்கொல்லி என்று பெயர் சூட்டியிருந்தன. வைத்தியர்களும் அதற்கு மாறாகச் சொல்லும் நிலையில் இல்லை. எனினும் அதுவே நிகழ்ந்தது. அவ்வாறு மூப்படைந்தவர்களுக்கு நம் வைத்திய ஸ்தாபனங்கள் எவ்வகையில் வாயில் திறந்தன, எவ்வகையில் திறக்கவில்லை என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

இதைச் சொல்லத் தாம்பரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்று மின்சார ரயிலில் போவோர் சானடோரியம் என்ற நிலையத்தைக் கடக்கும்போது அப்பெயருக்குரிய ஆஸ்பத்திரியைப் பற்றி அதிகம் நினைப்பதில்லை. டாக்டர் சௌரிமுத்து என்ற தமிழர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் மீது க்ஷயரோக சிகிச்சாலை ஒன்றை நெடுங்காலம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் நோயுற்றபோது சில காலம் அவருடைய பராமரிப்பில் இருந்தார் என்பது பலர் அறியாத செய்தி. அந்த சௌரிமுத்து தாயகம் திரும்பி, நகரத்தின் புகைக்கும் நெரிசலுக்கும் அப்பால், நல்ல காற்றும் வெயிலும் கிடைக்கும் இடமென்று தாம்பரத்தைத் தேர்ந்து, 1928-இல் அங்கே க்ஷயரோகிகளுக்கென்று ஒரு நிலையம் கண்டார்; 1937-இல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. நோயாளியை வீட்டினின்றும் ஊரினின்றும் பிரித்து, மரங்களுக்கு நடுவே வைத்து, ஓய்வும் ஆகாரமும் கொடுத்துத் தேற்ற வேண்டும் என்பது அக்காலத்து உலகம் முழுவதற்கும் பொதுவான வைத்திய தர்மமாக இருந்தது.

அந்த தர்மத்தைத் தகர்த்ததும் சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் படுக்க வைத்தும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொல்லியும், இருசாராருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. குடிசையில் இருந்து அரைவயிறு உண்டவரும், ஆஸ்பத்திரியில் நல்ல ஆகாரத்தோடு ஓய்ந்திருந்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர் என்ற முடிவு 1959-இல் வெளியாயிற்று. குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றிவிடவும் இல்லை. மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் மனிதனை மனிதரிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்ற உண்மையை உலகம் சென்னையிடமிருந்துதான் கற்றுக்கொண்டது என்று சொன்னால் அது ஊர்ப்பெருமை பேசுவதாகாது; உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு அந்த ஆராய்ச்சியும் ஒரு முக்கிய காரணம்.

சேத்துப்பட்டு இவ்வாறு உபதேசித்து மூன்றரைப் பத்தாண்டுகள் கழிந்தபின், தாம்பரத்து வார்டுகள் மறுபடியும் விலக்கி வைக்கப்பட்டவர்களால் நிரம்பத் தொடங்கின. 1993 முதல் அங்கே எய்ட்ஸ் நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோரை க்ஷயரோகமே முதலில் பற்றியது ஆகையால் அவ்விடம் பொருத்தமே என்று வாதிக்கலாம். ஆனால் அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு அதைவிட வலிய காரணம், மற்ற இடங்களில் அவர்களைத் தொட மறுத்தார்கள் என்பதே. பிரசவ வலியோடு வந்த பெண்ணை இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபின் வேறிடம் போகச் சொன்னதும், அறுவைக்கு நாள் குறித்தவனைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பியதும், படுக்கையின் தலைமாட்டில் ஊரறிய அட்டை கட்டித் தொங்கவிட்டதும் அந்நாளில் அபூர்வ சம்பவங்களாக இருக்கவில்லை. விலக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மட்டுமின்றி ஆந்திரத்திலிருந்தும் தாம்பரத்திற்கு வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் தேசத்திலேயே மிகப் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை நிலையமாக அது ஆகிவிட்டது.

அங்கே அப்போது என்ன சிகிச்சை இருந்தது? க்ஷயத்துக்கு மருந்து உண்டு. வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நிமோனியாவுக்கும் மருந்து உண்டு. இவற்றுக்கெல்லாம் மூலமான கிருமிக்கு ஒன்றுமில்லை. கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் தெய்வநாயகம் சித்த வைத்தியத்தில் நம்பிக்கை கொண்டவர். ரசகந்தி மெழுகும் அமுக்கராச் சூரணமும் நெல்லிக்காய் லேகியமும் அங்கே நோயாளிகளுக்கு வழங்கப்பட்டன. அவை கிருமியை ஒழித்தன என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் வெறுங்கையோடு திருப்பி அனுப்பாமல் ஏதோ ஒன்றைக் கொடுத்துப் பேசி உட்கார வைத்த இடத்தின் மதிப்பைச் சாகக் கிடந்தவர்கள் அறிவார்கள். அதே 1993-இல் சுனிதி சாலமன் அரசுப் பதவியை விட்டு வெளிவந்து ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1994-இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவாயிற்று. தொற்றுள்ளவர்கள் தாமே கூடி அமைத்த சங்கங்களும் சென்னையில் பிறந்தன. 1998-இல் கௌசல்யா முதலிய சில பெண்கள் கூடித் தொடங்கிய பெண்கள் வலையமைப்பு அவற்றுள் விசேஷமானது. நாமக்கல் வட்டாரத்து லாரித் தொழிலையும் அதன் நெடுஞ்சாலைகளையும் பற்றி முன்னர் எழுதியிருக்கிறேன். அச்சாலைகளில் போய்வந்த கணவன் கொண்டுவந்த நோயால் இருபது, இருபத்தைந்து பிராயத்தில் விதவையானவர்கள் அச்சங்கத்தில் பலர்.

மேல்நாட்டில் 1996-ஆம் ஆண்டு வாங்கூவர் மாநாட்டில், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கிவிடுகிறது என்று நிரூபணமாயிற்று. ஓராண்டு மருந்தின் விலை பதினாயிரம் டாலருக்கு மேல். நமது 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டுமே தந்ததால், அதே மருந்தை வேறு வழியில் இங்கே செய்ய இடமிருந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீது, ஆண்டுக்கு 350 டாலருக்கு மூன்று மருந்துகளையும் தருவதாக எல்லையற்ற மருத்துவர்கள் சங்கத்துக்குச் சொன்னது உலகச் செய்தியாயிற்று. இந்தியாவில் செய்த மாத்திரை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியபின்தான் இந்தியனுக்கு இலவசமாகக் கிடைத்தது என்பது நம் சரித்திரத்தில் புதிய வினோதமல்ல. 2004 ஏப்ரல் முதல் தேதி, தேசத்தில் எட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கிற்று; தாம்பரம் அவ்வெட்டில் ஒன்று.

இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். ஏனெனில் இன்று அறுபதைத் தொட்டிருப்பவர்களின் உடம்பில் காணும் பல கோளாறுகளுக்கு வித்து அந்த முதல் ஆண்டுகளிலேயே விழுந்தது. மருந்து இலவசந்தான், ஆனால் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்துவிடவில்லை. இரத்தத்தில் சி.டி.4 என்னும் காவல் அணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 200-க்குக் கீழ் இறங்கினால்தான் மருந்து. ஆரோக்கியமுள்ளவருக்கு அவை 500-க்கு மேல் இருக்கும். ஆகவே ஒருவர் தம் நோயை நம்பிக்கை மையம் என்னும் பரிசோதனை நிலையத்தில் அறிந்துகொண்டு, மருந்து இருக்கிறதென்றும் அறிந்துகொண்டு, அதைப் பெறும் அளவுக்கு உடம்பு சீர்குலையும்வரை ஆறு மாதத்துக்கொருமுறை எண்ணிக்கை பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. சர்க்காரிடம் பணம் குறைவு, மருந்துகளின் நச்சுத்தன்மை அதிகம், சாகும் நிலையில் இருப்பவரை முதலில் காப்பது நியாயம் என்ற சமாதானங்கள் பொய்யானவை அல்ல. ஆனால் 2006-இல் வெளியான ஒரு பெரிய சர்வதேச ஆராய்ச்சி, சி.டி.4 நன்றாக இருக்கிறதென்று மருந்தை நிறுத்தி வைத்தவர்களுக்கு எய்ட்ஸ் மட்டுமன்றி மாரடைப்பும் சிறுநீரக, கல்லீரல் நோய்களும்கூட அதிகமாக வந்ததைக் காட்டிற்று. கிருமி காவல் அணுக்களைத் தின்பதோடு நில்லாமல், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஓயாமல் கிளறிவிட்டு, இரத்தக்குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகிறது என்பது அதன்பின் தெளிவாயிற்று. மருந்து கிருமியை அடக்கியபின்னும் அந்தக் கிளர்ச்சி முற்றும் அடங்குவதில்லை; சிகிச்சைக்கு முன் காவல் அணுக்கள் எவ்வளவு தாழ்ந்து போயிருந்தனவோ அவ்வளவுக்கு அது நீடிக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வரம்பை 2010-இல் 350 ஆகவும், 2013-இல் 500 ஆகவும் உயர்த்தி, 2015-இல் வரம்பே வேண்டாமென்றது. இந்தியாவில் நோய் கண்ட உடனே மருந்து என்பது 2017-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 2004-இல் வரிசையில் நின்றவர்களும் 2017-இல் வரிசையில் நின்றவர்களும் ஒரே நோயின் இரு வேறு ஆயுட்களை வாழ்கிறார்கள்.

முதல் மாத்திரையின் கதையும் அப்படித்தான். அதிலிருந்த ஸ்டாவுடின் என்ற மருந்து மலிவானது, உயிரைக் காத்தது. கூடவே பாதங்களில் நெருப்பை மிதித்ததுபோன்ற எரிச்சலையும், கன்னத்துக் கொழுப்பு வற்றி முகம் ஒடுங்கிப்போகும் விகாரத்தையும் தந்தது. ஊரில் நோயை மறைத்து வைத்திருந்தவர்களுடைய முகமே அவர்களைக் காட்டிக் கொடுத்தது. 2009-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அம்மருந்தைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லிற்று. அதன்பின் வந்த டெனோஃபோவிர் எவ்வளவோ சாதுவானது என்றாலும், நீண்ட காலத்தில் சிறுநீரகத்தையும் எலும்பின் அடர்த்தியையும் சோதிக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வது இயல்பு, அதன்மேல் இது.

இத்தனையும் நடந்துகொண்டிருக்க, கணக்கெழுதுவோர் முதியவர்களைக் காணவே இல்லை. ஒரு நாட்டில் எய்ட்ஸ் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை உலகெங்கும் 15 முதல் 49 வயதுவரை உள்ளோரைக் கொண்டே சதவீதமாகச் சொல்வது வழக்கம். நமது தேசியக் கணிப்பும் கர்ப்பிணிகளின் இரத்தத்தை ஆதாரமாகக் கொண்டு தொடங்கியதாகையால் அவ்வயது எல்லையே எங்கும் நிலைத்தது. காம நோய் ஐம்பதோடு தீர்ந்துவிடும் என்ற நாகரிகமான கற்பனையும் அதன் பின்னால் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் ஸ்தாபனம் முதுமையையும் எச்.ஐ.வி.யையும் பற்றித் தனியே ஓர் அறிக்கை எழுதியது 2013-இல்தான். அமெரிக்காவில் இன்று இக்கிருமியோடு வாழ்கிறார் என்று கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். நம் நாட்டில் தொற்றோடு வாழ்வோர் சுமார் 25 லட்சம். பிந்திப் பரவி, பிந்தி மருந்து கிடைத்த நாம் அதே பாதையில் சில ஆண்டுகள் பின்னே நடக்கிறோம்.

மாரடைப்பு அபாயம் இவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இதற்குப் பரிகாரம் தேடி 12 நாடுகளில் 7,769 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியில் இந்தியாவும் கலந்துகொண்டது. கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் என்ற சாதாரண மாத்திரையைத் தினமும் உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் 35 சதவீதம் குறைந்தன என்று 2023-இல் அதன் முடிவு வந்தது. பெண்களுக்கு மற்றொரு கவலை உண்டு. கருப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பு இத்தொற்றுள்ள பெண்களுக்கு ஆறு மடங்கு. முன்கூட்டிப் பார்த்தால் தடுத்துவிடக்கூடிய அந்நோய்க்குப் பரிசோதனை, இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் சர்வ சாதாரணமாக நடைபெற வேண்டியது.

நடைபெறுகிறதா என்று கேட்டால், அங்கேதான் தாம்பரத்துப் பழைய சுவர் குறுக்கே நிற்கிறது. பொது ஆஸ்பத்திரி ஏற்காததால் நாம் ஒரு தனி வாயில் கட்டினோம்; அதற்கு ஏ.ஆர்.டி. மையம் என்று பெயர். அங்கே பச்சை அட்டைப் புத்தகம் உண்டு, பெயர் சொல்லி அழைக்கும் ஆலோசகர் உண்டு, அதே நாற்காலிகளில் அமர்ந்து பல்லாண்டு பழகியவர்கள் உண்டு; ரகசியம் காக்கப்படுகிறது. அந்த வாயிலை ஏளனமாகப் பேச எனக்கு மனமில்லை. லட்சக்கணக்கானோர் அதன் வழியாகத்தான் உயிரோடு வெளியே வந்தார்கள். ஆனால் அது ஒரு நோயைப் பார்க்கக் கட்டிய வாயில். வயோதிகமோ ஒரு நோயாக வருவதில்லை. கண்ணில் புரை என்றால் கண் ஆஸ்பத்திரி, இடுப்பெலும்பு முறிந்தால் எலும்பு வார்டு, நெஞ்சு அடைத்தால் இருதயப் பிரிவு என்று, எந்த ஆஸ்பத்திரிக் கதவுகள் முப்பது ஆண்டுகளுக்கு முன் சாத்தப்பட்டனவோ அவற்றின் முன்னேயே முதுமை இவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. எந்த நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுடையதாகவே கருதி ஒரே எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்ற விதி 1980-களிலேயே வகுக்கப்பட்டது; அதன்படி நடந்தால் இவர்களுக்கென்று தனி அறுவை மேஜையும் தேவையில்லை, எல்லோருக்கும் கடைசியில் இவர்களை அழைக்கும் வழக்கமும் தேவையில்லை. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கியவரிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் காட்டிய ஆராய்ச்சியில் சென்னைத் தம்பதிகளும் பங்கேற்றார்கள். 2017-இல் பார்லிமெண்டு இயற்றி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், வைத்தியத்தில் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்து, முறையிட ஒரு குறைதீர்ப்பாளரையும் ஏற்படுத்தச் சொல்கிறது. ஆயினும் கண்புரை அறுவைக்குப் போகும் மூதாட்டி சட்டப்புத்தகத்தை இடுக்கிக்கொண்டு போவதில்லை. இன்ன நோய் இருக்கிறதென்று சொன்னால் நாள் தள்ளிப்போகுமோ என்று அஞ்சி, சொல்லாமலே இருந்துவிடுகிறாள்.

சொல்லாமல் இருப்பது வேறு விதத்திலும் அவளுக்கே தீங்காகிறது. டோலுடெக்ராவிர் என்ற இன்றைய மருந்து மிக நல்லது. ஆனால் எலும்பு வைத்தியர் எழுதிய சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்து விழுங்கினால், உடம்பில் சேர வேண்டிய அளவு சேருவதில்லை. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினின் அளவை அது இரத்தத்தில் உயர்த்திவிடுகிறது. இரண்டாம் வரிசை மருந்துகளோடு தரப்படும் ரிடோனாவிரை உண்பவர் கொழுப்புக்கான சிம்வாஸ்டாடினைத் தொடவே கூடாது. இவையெல்லாம் ஒரே வைத்தியர் ஒரே சீட்டில் எழுதினால் ஐந்து நிமிஷத்தில் தீரும் விஷயங்கள். இரண்டு வைத்தியர்கள், இரண்டு சீட்டுகள், நடுவே ஒரு ரகசியம் என்றால் தீருவதில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. எவரும் பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் மாத்திரை கொண்டுவரும் பெண் பெரும்பாலும் அதே ஊர்க்காரி, தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவள். ஆகவே அறுபது வயதுக் கிழவிக்குச் சர்க்கரை மாத்திரை வாசலுக்கு வருகிறது. மற்ற மாத்திரைக்கு அவள் பேருந்து ஏறி ஜில்லாத் தலைநகருக்குப் போகிறாள். பக்கத்து ஊரிலேயே மருந்து தரும் இணைப்பு மையம் இருந்தாலும், தெரிந்த முகம் தென்படுமோ என்று தூரத்து மையத்தையே விரும்புவோர் உண்டு. கொரோனா ஊரடங்கின்போது பல மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கும் முறை வந்தது இவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஏ.ஆர்.டி. மையங்களிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டின் தேசிய சிகிச்சை நெறிமுறைகள் சொல்கின்றன. பார்த்தபின் மருந்தும் அங்கேயே கொடுப்பதா, பொது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்பதில்தான் இன்றைய விவாதம் நிற்கிறது. தனி வாயிலிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் நோயாளிக்குச் சௌகரியம். பொது வாயிலோ இவர்களைப் பழகிக்கொள்ளும் அவசியமே இல்லாமல் போய்விடும். நான் இவ்விஷயத்தில் சேத்துப்பட்டின் கட்சி. ஆனால் கட்சி பேசுவது எழுதுகிறவனுக்கு எளிது. பொது வார்டில் போய் முதலில் உட்கார வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

இளம் விதவைகளாகச் சங்கம் கண்டவர்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவர்களில் குழந்தைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் உண்டு. குழந்தைகளையும் இழந்தவர்கள் உண்டு. வயதான காலத்தில் இன்னார் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு நம் சமுதாயத்தில் மகனைக் கொண்டு அமைந்தது. மகனில்லாதவளும், மருமகளுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் மாத்திரையை ஒளித்து வைப்பவளும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். முதியோர் இல்லங்களில் சேரப் போனால் இரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள். சுனிதி சாலமன் 2015 ஜூலையில் காலமானார். அவரிடம் இளம் வயதில் சிகிச்சைக்கு வந்தவர்களில் பலர் இன்று அவர் இந்தப் பணியைத் தொடங்கியபோது இருந்த பிராயத்தைத் தாண்டிவிட்டார்கள்.

தாயிடமிருந்தே கிருமியைப் பெற்றுப் பிறந்து, மருந்துண்டே வளர்ந்து, இப்போது கல்யாணத்துக்கும் உத்தியோகத்துக்கும் நிற்கிற பிள்ளைகளின் கதையை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)